மச்சாள் கொண்டுவந்த சொல்

என் கணவரின் தங்கை லண்டனில் இருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தபோதுதான் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. கொழும்பில் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் மாடி வீட்டில் இருந்தோம். சொந்தத்துக்குள் ஒரு கலியாணம். அதற்காகத்தான் மச்சாள் வந்திருந்தாள். லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில், விசேட தேவையுள்ள பிள்ளைகளின் வகுப்பில் உதவி ஆசிரியையாக இருந்தவள்.

கலியாணத்தன்று தாலி கட்டும் நேரம் மேளம் உச்சத்துக்குப் போக, என் மகளைக் காணவில்லை. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அந்த நாட்களில் கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளை வெள்ளை வானில் கடத்திக்கொண்டு போவார்கள், செக்பொயின்டில் பிடித்து வைப்பார்கள். மண்டபம் முழுக்கத் தேடினோம். வீதியில் இறங்கித் தேடினோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. கடைசியில் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தால், சேலையைக் களைந்து மடித்து வைத்துவிட்டு, பழைய சட்டையோடு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாள்.

"சத்தம் கூடிப்போச்சு அம்மா. பஸ்ஸில வந்திட்டன்" என்றாள்.

அவளை எனக்குத் தெரியும். அதனால் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினேன். பின்னால் வந்து நின்ற மச்சாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை நான் குசினியில் இறால் துப்புரவாக்கிக்கொண்டிருக்க, மச்சாள் வந்து கதவைப் பாதி சாத்தினாள்.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. வந்த நாளில இருந்து பாக்கிறன். இவள் ஒருத்தரையும் முகம் பாத்துக் கதைக்கிறாள் இல்லை. எந்த நாளும் ஒரே சாப்பாடு. சட்டையின்ர லேபிளை வெட்டிப்போட்டுத்தான் போடுறாள். நேற்று நடந்ததும் அப்பிடி. இவளுக்கு ஓட்டிசம் இருக்குமோ எண்டு நினைக்கிறன்."

"அது சின்னப் பிள்ளையளுக்கு எல்லோ?"

"வளந்த ஆக்களுக்கும் இருக்கும் மச்சாள். சின்னனில ஒருத்தரும் கவனிக்காமல் விட்டிருப்பினம்."

கவனிக்காமல் விட்டதாம். இருபத்தாறு வருடம் கவனித்ததைத் தவிர நான் வேறு என்ன செய்தேன்? பள்ளிக்கூடத்தில் ரீச்சர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றபோது, அதிபரின் அறைக்குப் போய் வாதாடினது நான். சொந்தக்காரர் "ஒரு மாதிரியான பிள்ளை" என்றபோது அந்த வீடுகளுக்குப் போவதை நிறுத்தியதும் நான். நகரத்தில் குண்டு வெடித்து யன்னல்கள் அதிர்ந்த நாட்களில் அவள் மேசைக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு இருப்பாள். வெளியே வா என்று நான் ஒருநாளும் இழுத்ததில்லை. நானும் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிடுவேன். என் பிள்ளையைத் திட்டியவர்களோடு எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியும். மச்சாளின் குரலில் இருந்தது இரக்கம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இஞ்ச பாரும்" என்றேன். "அவள் தன்ர பாட்டில கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போய் வாறாள். சம்பளம் எடுக்கிறாள். செக்பொயின்டில ஆமிக்காரன் கேக்கிறதுக்குச் சிங்களத்தில மறுமொழி சொல்லுறாள். உம்மட வகுப்புப் பிள்ளையளோட என்ர பிள்ளையைச் சேர்க்காதேயும்."

"நான் உதவியாத்தான்..."

"உதவி கேட்டனானே?"

மச்சாள் கண் கலங்க அறைக்குள் போனாள். நான் இறாலைக் கழுவி அடுப்பில் வைத்தேன். அவள் லண்டனுக்குத் திரும்பும்வரை சாப்பாடு, தேத்தண்ணி தவிர வேறு கதை எங்களுக்குள் இருக்கவில்லை.

பாதி சாத்திய கதவால் எல்லாம் மகளுக்குக் கேட்டிருக்கிறது. மச்சாள் போன பிறகு ஒருநாள் மகள் வேலையால் பிந்தி வந்தாள். காலி வீதியில் நெட்கபேக்குப் போய் இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தாளாம்.

"லண்டன் மாமி சொன்னது சரி அம்மா. வாசிச்சன்."

எனக்குக் கோபம் திரும்ப ஏறியது. "உன்னைக் கண்டறியாதவங்கள் உன்னைப் பற்றி என்னத்தை எழுதுறது?"

"என்னைப் பற்றி இல்லை. என்னைப் போல ஆக்கள் தங்களைப் பற்றி எழுதியிருக்கினம். கனபேர் இருக்கினம் அம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். படம் எடுக்கும்போது கூடச் சிரிக்காத பிள்ளை. தன்னைப் போல வேறு ஆளே இல்லை என்று அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. 

கணவர் பயந்துபோனார். "இஞ்சேரும், இந்தக் கதை வெளியில போகக்கூடாது. பிள்ளையின்ர கலியாணம் குழம்பிப்போகும்."

"நான் போய்ச் சொல்ல மாட்டன். அவள் சொன்னால் தடுக்கவும் மாட்டன்" என்றேன்.

சில மாதங்களில் கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாயும் தமக்கையும் பெண் பார்க்க வந்தார்கள். ரோல்ஸும் கேக்கும் வைத்துத் தேத்தண்ணி கொடுத்தோம். மகள் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

"பிள்ளை ஏன் நிமிந்து பாக்கிறா இல்லை? வெக்கமோ?" என்று தாய் கேட்டா.

"வெக்கம் இல்லை. எனக்கு ஓட்டிசம் எண்டு நினைக்கிறன். முகத்தைப் பாத்தால் நீங்கள் சொல்லுறது விளங்காது" என்றாள் மகள். பிறகு, மிகுந்த அக்கறையோடு, "உங்கட மகன் சத்தம் போட்டுக் கதைக்கிறவரோ?" என்று கேட்டாள்.

என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். வந்தவர்கள் வெகுநேரம் இருக்கவில்லை. படி இறங்கும்போது தமக்கை, "ஐயோ, பாவம். வடிவான பிள்ளை" என்றது என் காதில் விழுந்தது. நான் வாசலைத் தாண்டிப் படிக்கட்டுக்கே போனேன்.

"பாவம் எண்டு சொல்ல இஞ்ச ஒருத்தரும் இல்லை, பிள்ளை. பாத்து இறங்குங்கோ, படி சறுக்கும்."

உள்ளே வந்தபோது கணவர் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். "ஏன் தடுக்கேல்லை?"

"தன்ர வீட்டில இருந்து தன்னைப் பற்றித்தானே சொன்னவள். கேள்வியும் நல்ல கேள்விதான். சத்தம் போடுறவனோட அவள் எப்பிடி இருக்கிறது?"

மகள் மிஞ்சியிருந்த ரோல்ஸைத் தொடவில்லை. இடியப்பம் எப்போது என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே லண்டனுக்குப் போன் எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் மச்சாள் திகைத்துப்போனாள். மன்னிப்புக் கேட்க எடுத்திருக்கிறேன் என்று நினைத்தாளோ தெரியாது.

"நீர் சொன்னது சரியாத்தான் இருக்கும். சொன்ன விதம் பிழை" என்றேன். "அவள் பக்கத்து அறையில இருக்கேக்க, அவளிட்டக் கேக்காமல், கதவைச் சாத்திப்போட்டுச் செத்த வீட்டில கதைக்கிற மாதிரி என்னட்டக் கதைச்சீர்."

 "ஓம் மச்சாள். அவளிட்டத்தான் கதைச்சிருக்க வேணும்" என்றாள்.

"இப்பவும் கதைக்கலாம்" என்று போனை மகளிடம் கொடுத்தேன். அவள் சுகம்கூட விசாரிக்காமல் தன் கேள்விகளைத் தொடங்கினாள். அதன்பிறகு ஞாயிறுகளில் அவர்கள் இரண்டு பேரும் நெடுநேரம் கதைப்பார்கள். நான் அந்தக் கதைக்குள் போவதில்லை.

வேறு சம்பந்தம் வரவில்லை. மகள் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். பெண் பார்த்த அன்று நடந்த கதை கொட்டாஞ்சேனைக்குப் போய், அங்கிருந்து வேகமாக வெள்ளவத்தைக்கே திரும்பி வந்து சேர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் தெரிந்த மனுசி ஒருத்தி என் காதருகே குனிந்து, "மகளுக்கு ஏதோ வருத்தமாமே, டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?" என்று குசுகுசுத்தா.

"வருத்தம் ஒண்டும் இல்லை. ஓட்டிசம்" என்றேன், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கக்கூடியதாக.