இரும்புப் பாறை மேல் வைத்த திசைகாட்டி

திசைகாட்டியின் ஊசி கஞ்சமலையில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. மலை முழுக்க இரும்புப் பாறை. கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி ஓடும் அந்தப் பட்டைகள் எந்தக் காலத்திலோ ஒரு கடலடியில் படிந்தவை என்று படித்திருந்தோம். எழுபதுகளின் கடைசியில் அவற்றை வரைபடமாக்க என்னையும் என் சக ஊழியரையும் அனுப்பினார்கள். அவர் நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், என் வயதுதான். நான் அளவு சொல்வேன், அவர் குறிப்பேட்டில் எழுதுவார்.

பாறை ஊசியை இழுத்துவிடும் என்பதால் அங்கே திசைகாட்டியைக் கல்மேல் வைக்கக் கூடாது. வெயிலில் குச்சி நட்டு, நிழலைக் கொண்டுதான் திசை பார்ப்போம். அவருக்கு அதுவும் போதாது. "பட்டையப் புடிச்சே நடந்து பாக்கோணுமுங்க" என்பார். விரல் அகலப் பட்டை ஒன்றைக் காலையில் பிடித்து மதியம் வரை நடந்தோம். அது அறுபடவே இல்லை. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

ஒருநாள் வெயில் தாளாமல், அவர் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், திசைகாட்டியைக் கல்மேல் வைத்தே அளந்துவிட்டேன். வந்ததும் எண்களைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். நேரான பட்டை வரைபடத்தில் வளைந்து போனது. மேலதிகாரி மலைக்கே வந்து சரிபார்த்துவிட்டு, "யாருடைய கையெழுத்து இது?" என்று கேட்டார்.

"என்ற கையெழுத்துத்தானுங்க" என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. கடலடிச் சேற்றை ஆராயப் போகும் கப்பலுக்கு அவர் பெயர்தான் போயிருந்தது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார்கள்.

கப்பலிலிருந்து குழாய் இறக்கி எடுத்த சேறு ஒரு சாண் அகலம்கூட இல்லை. அதில் தெரிந்த மெல்லிய அடுக்கு அங்கேயே முடிகிறதா, மைல் கணக்கில் நீள்கிறதா என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நீளக்கூடும், மலையில் நடந்தே பார்த்திருக்கிறேன் என்றேன். பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்கு உரியவர் அங்கே இல்லை. சுற்றிலும் தண்ணீர். அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

எண்பதுகளில் ஒருமுறை ஓமலூர் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். சேறு எப்படி இருந்தது, என்ன நிறம், கையில் ஒட்டியதா என்று ஆசையாகக் கேட்டார். எல்லாம் சொன்னேன். பிறகு, கல்மேல் வைத்து அளந்ததையும் சொன்னேன்.

"மேலதிகாரி கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க."

"அப்புறம் ஏன் சொல்லலீங்க?"

"சொல்லியிருந்தா, தப்பா அளந்தது நீங்க, பாக்காம எழுதுனது நானுன்னு ரெண்டு பேரையுமே கப்பலுக்கு அனுப்பியிருக்க மாட்டாங்க. ஒருத்தராச்சும் போயிப் பாக்கோணுமில்லீங்க?"

கடலடி அடுக்குகளைப் பற்றிப் பேச இப்போதும் என்னைக் கூப்பிடுகிறார்கள். கஞ்சமலைப் பட்டையைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். அவர் பெயரைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். அதனால் அந்த மலையில் தனியாக நடந்ததாகவே சொல்லி வருகிறேன்.