மேலே பார்த்த கண்

நீங்கள்தான் என் தங்கையைக் கள்ளி ஆக்கினீர்கள். அது பொய் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்து உரும்பிராயில், தனியார் வகுப்பு நடக்கும் ஒரு ரியூற்றறிக் கொட்டிலில் ஞாயிறு காலைகளில் நீங்கள் வகுப்பு வைத்தீர்கள். மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்தது. கரும்பலகையில் என்.எல்.பி. என்று எழுதி, நரம்பும் மொழியும் மனப்பழக்கமும் சேர்ந்த படிப்பு இது என்றீர்கள். ஷெல்லுக்குப் பயந்து சோறு இறங்காமல் கிடந்த சனம் வந்து வாங்குப் பலகைகளில் இருந்தது. நானும் தங்கையும் இருந்தோம்.

சில பாடங்கள் நல்லவைதான். அமைதியாக இருந்த ஒரு நேரத்தை நினைத்தபடி பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அழுத்தச் சொன்னீர்கள். அப்படியே பழகினால் பிறகு விரலை அழுத்தியதும் அந்த அமைதி வரும். அதற்கு நங்கூரம் என்று பெயர் சொன்னீர்கள். தங்கை பதுங்குகுழிக்குள் அதைச் செய்தாள். அவளுடைய நடுக்கம் குறைந்தது. யாராவது பொத்தாம்பொதுவாகக் கதைத்தால், "ஆர்? எப்ப? என்னத்தை வைச்சுச் சொல்லுறீர்?" என்று கேட்கவும் பழக்கினீர்கள். அதை நான் நன்றாகவே பழகிக்கொண்டேன்.

பிறகு கண் பாடம் வந்தது. கண் இடப்பக்கம் மேலே போனால் கண்டதை நினைக்கிறாராம். வலப்பக்கம் மேலே போனால் இல்லாததைக் கட்டுகிறாராம், அதாவது பொய்.

அடுத்த ஞாயிறு நீங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்த ரேப் றெக்கோடருக்குள் பற்றரி இல்லை. எங்களை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டீர்கள். தங்கையின் முறை வந்தது.

"பிள்ளை, நீர் எடுத்தனீரோ?"

"இல்லை சேர்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் கூரைப்பக்கம் போனது.

"பாத்தியளோ! வலப்பக்கம், மேலை. கட்டுறா!"

"சேர், பொம்பர் சத்தம் கேட்குது."

"எங்களுக்கு ஒண்டும் கேட்கேல்லையே?"

வகுப்பு சிரித்தது. சிரித்து முடியவில்லை, குண்டு போடும் விமானத்தின் இரைச்சல் எல்லோருக்கும் கேட்டது. விழுந்தடித்துப் பதுங்குகுழிக்கு ஓடினோம். உள்ளே ஆளோடு ஆள் நெருங்கி இருக்க, சைக்கிள் கடை அண்ணை கேட்டார்: "என்ன சேர், பொம்பரும் பொய் சொல்லுதோ?"

"பொம்பர் வேறை, பற்றரி வேறை" என்றீர்கள் நீங்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் மேலே பார்க்காத கண் எது ஐயா? சமைக்கும்போதும் பார்த்தோம், கோயிலில் கும்பிடும்போதும் பார்த்தோம். அன்று உங்கள் கண்ணும் மேலே போனது. நான் கண்டேன்.

தங்கை அடுத்த மாதம் எங்கள் ஊர்ப் பாலர் பாடசாலையில் ஆசிரியையாகச் சேர இருந்தாள். அதன் தலைவரின் மனைவி அந்த வகுப்பில் முன்வாங்கில் இருந்தவர். வீட்டுக்கு வந்து சொன்னார்: "குறை நினைக்காதையுங்கோ. சின்னப் பிள்ளையளின்ரை சாமான் கிடக்கிற இடம்." வேலை வேறொருத்திக்குப் போனது.

அக்காக்காரி நான் நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். கிணற்றுக்கட்டில் இரண்டு பற்றரி வெயிலில் காய்ந்துகொண்டு கிடந்தது. சக்தி இறங்கிய பற்றரியை வெயிலில் வைத்து இன்னும் கொஞ்சம் உயிர் எடுப்பது அப்போது எல்லா வீட்டிலும் நடந்த வேலை. உங்கள் மனைவி ஒளிக்கவில்லை.

"இவர்தான் கழட்டித் தந்தவர், காயவைக்கச் சொல்லி. பிறகு மறந்துபோனார்."

நீங்கள் வெளியே வந்தீர்கள். மன்னிப்பு வரும் என்று நின்றேன். பாடம் வந்தது.

"பிள்ளை, தோல்வி எண்டு ஒண்டு இல்லை. எல்லாம் பின்னூட்டம். இதை வேறை படச்சட்டத்துக்குள்ளை வைச்சுப் பாக்கவேணும்."

"சட்டமும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். வகுப்பிலை எழும்பி, பற்றரி என்னட்டைத்தான் இருந்தது எண்டு சொல்லுங்கோ."

"ஓம், ஓம். வாற ஞாயிறு சொல்லுறன்."

அந்த ஞாயிறு இணக்கம் பற்றிப் படிப்பித்தீர்கள். எதிரில் இருப்பவர் மூச்சு விடுகிற வேகத்தில் நாமும் மூச்சு விடவேண்டுமாம். நான் எழுந்து கேட்டபோது, "வகுப்பைக் குழப்பாதையுங்கோ" என்றீர்கள். கொஞ்ச நாளில் கிளாலிக் கடல்நீரேரி கடந்து கொழும்புக்குப் போய்விட்டீர்கள்.

தங்கை அதன் பிறகு விரலை அழுத்தவில்லை. பொம்பர் சத்தம் கேட்டால் ஊரே மேலே பார்க்கும். அவள் தன் காலடியைப் பார்ப்பாள். எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் நிற்பவளை நான்தான் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மேலே பார்த்தால் கள்ளி என்பார்கள் என்ற அந்தப் பயமும் நங்கூரம்தான். போட்டது நீங்கள்.

இப்போது வெளிநாட்டு மண்டபங்களில் பயிற்சி நடத்துகிறீர்களாம். யாழ்ப்பாணத்தில் பயந்த சனத்தைத் தேற்றியதாகவும் மேடையில் சொல்கிறீர்களாம். நீங்கள் பழக்கிய கேள்விகளையே கேட்கிறேன். யாரைத் தேற்றினீர்கள்? எப்போது? எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அடுத்த கூட்டத்தில், அதே மேடையில், ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பற்றரி எங்கே இருந்தது என்று சொல்லுங்கள். சொல்லும்போது உங்கள் கண் எந்தப் பக்கம் போனாலும் எனக்குக் கவலையில்லை. சனத்துக்கு முன்னால் பதில் வேண்டும்.