வீட்டுக்குச் சேணம் பூட்டியவன்

அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பகலெல்லாம் பிறருடைய எழுத்துப் பிழைகளைக் களைந்துவிட்டு, ஓய்வு நேரத்தில் பிழையுள்ள புத்தகங்களைத் தேடி அலைவார். பழைய அமெரிக்க நாவல்களின் முதல் பதிப்புகளைச் சேர்ப்பது அவருக்குப் பைத்தியமாகவே ஆகியிருந்தது. முதல் பதிப்பில் நேர்ந்த பிழையை அடுத்த பதிப்பில் திருத்திவிடுவார்கள். ஆகவே, பிழை இருந்தால்தான் மதிப்பு. அச்சகத்தில் அவரை 'முதல் பதிப்பு' என்றே அழைத்தார்கள். "என்னை மட்டும் ரெண்டாம் பதிப்பா நடத்துறாரு" என்று வருவோரிடமெல்லாம் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

குதிரைப் பண்ணை ஒன்றைப் பற்றிய நாவலைத்தான் அவர் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தார். அதில் ஓரிடத்தில் 'ஹார்ஸ்' என்று வரவேண்டிய ஆங்கிலச் சொல் ஓரெழுத்து மாறி 'ஹவுஸ்' என்று அச்சாகியிருந்தது. அதனால் கதாநாயகன் விடியற்காலையில் எழுந்து, தன் வீட்டுக்குச் சேணம் பூட்டிக்கொண்டு புறப்படுவான். மற்றபடி, முதல் பதிப்புக்கும் அடுத்த பதிப்புக்கும் வேறுபாடே கிடையாது. தம்மைப் போலவே புத்தகம் சேர்க்கும் ஒரு பல் மருத்துவருக்கு அந்த வரியைக் காட்டி அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபோது, மனைவியின் அண்ணனும் உடனிருந்தார்.

அந்த அண்ணன் பைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். நாவலின் தையல் விட்டுப்போனபோது, அன்னியர் கையில் கொடுக்க மனம் வராமல், மனைவி மூலம் மைத்துனருக்கே அதைக் கொடுத்தனுப்பினார்.

திரும்பி வந்த புத்தகத்தில் தையல் கச்சிதமாக இருந்தது. பழக்கதோஷத்தில் அந்த வரி இருந்த பக்கத்தைப் பிரித்தார். வீடும் இருந்தது, சேணமும் இருந்தது. ஆனால் அந்த ஓரெழுத்தின்மேல் விரல் பட்டபோது தாள் மெலிந்திருந்தது. சன்னலுக்கு நேரே பிடித்தார். அவ்விடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவியது. சரியாக அச்சாகியிருந்த எழுத்தைப் பிளேடால் சுரண்டி, பிழையை மையால் எழுதியிருந்தார்கள். அது பிந்தைய பதிப்பு.

பட்டறையில் பசை காய்ச்சிக்கொண்டிருந்த மைத்துனர் எதையும் மறுக்கவில்லை. தமக்கு ஆண்டு முழுவதும் வேலை தருபவர் அந்த மருத்துவர்தான் என்றும், அந்த முதல் பதிப்பை அவர் வாய்விட்டுக் கேட்டபோது முடியாதென்று சொல்ல நா எழவில்லை என்றும் விளக்கினார். புத்தகம் இப்போது வெளியூரிலுள்ள மருத்துவரின் மருமகனிடம் இருப்பதாகவும், கேட்டுப் பயனில்லை என்றும் சொன்னார்.

"எந்த எழுத்துல தப்பு வரணும்னு நீங்கதானே காட்டுனீங்க, மாப்பிள்ளை. இல்லேன்னா எனக்கென்ன தெரியும்?" என்றார், உதவிக்கு நன்றி சொல்பவரைப் போல.

அண்ணன் என்றால் மனைவிக்கு உயிர். அவள் மனம் நோகக்கூடாதென்று, இதை அவளிடம் மறைத்துவிடுவதாக வழியிலேயே முடிவு செய்தார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் அவர் கையிலிருந்த புத்தகத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

"அண்ணன் கையைப் புடிச்சுக் கெஞ்சுனாரு. ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்குன்னு..." என்று இழுத்தவள், மீண்டும் துணியை மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் அவர் புத்தக அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து மாட்டினார். இப்போதெல்லாம் மனைவி அலமாரிக் கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டும் துடைக்கிறாள்.