பிரிக்க முடியாத நாற்காலி

எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக் கலவரத்தில் மாத்தளையில் என் தச்சுக்கடை எரிந்தது. மாதா கோயிலில் தஞ்சம் புகுந்திருந்து திரும்பியபோது சாம்பலில் ஓர் உளியின் இரும்புகூட இல்லை. இரும்பு எப்படி எரியும்? அப்போதே எனக்குச் சந்தேகம்.

வேறு வழியில்லாமல் பக்கத்துத் தெருவில் மேசை, நாற்காலி செய்து விற்கும் தளபாடக் கடைக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நம்ம ஆள்தான், மாதா கோயில் பூசையில் முன் வாங்கில் உட்காருகிறவர். முதல் நாளே ஒரு கட்டு உளிகளை நீட்டினார். எல்லாம் என்னுடையவை. கைப்பிடிகளைக்கூட நான்தான் சீவிப் போட்டிருந்தேன்.

"விலை கூடின சாமான். பத்திரமா வச்சிக்க," என்றார்.

அந்த நேரத்தில் பொலிசுக்குப் போனால் யார் கேட்பார்கள்? உளிகளை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஆனால் விடுவதாக இல்லை.

ஒரு நாள் கல்லாவில் உட்கார நாற்காலி கேட்டார். "ஆணி, வஜ்ஜிரப் பசைன்னு ஏமாத்தாத. பேரன் காலத்துலயும் ஆடக் கூடாது."

ஆடாத பூட்டு எனக்குத் தெரியும். தேக்குக் காலில் உள்ளே போகப்போக அகலும்படி துளை குடைந்தேன். சட்டத்தின் நுனியில் சீவிய நாக்கைப் பிளந்து, பிளவில் சின்ன ஆப்பைச் செருகித் துளைக்குள் இறக்கினேன். அடிக்க அடிக்க ஆப்பு ஏறி நாக்கை விரிக்கும். அப்புறம் உடைத்தால்தான் பிரியும். எல்லா மூட்டையும் அப்படியே இறுக்கினேன். பின்னால் சாய வேண்டிய முதுகுச் சட்டத்தை மட்டும் அரை அங்குலம் முன்னால் சாய்த்து வைத்தேன்.

உட்கார்ந்து பார்த்தார். "என்னடா, முதுகத் தள்ளுது?"

"முதலாளின்னா நிமிந்து உக்காரணுங்க."

அது அவருக்குப் பிடித்துப் போனது. வந்தவர்களெல்லாம் மெச்சிய நாற்காலியை விட்டுவிட அவருக்கு மனமில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் மனிதருக்கு முதுகு கோணிப்போனது. தைலம், ஒத்தடம், வைத்தியர். பார்க்கப் பார்க்க எனக்கு இனித்தது. தம்புள்ளையில் மரக்கறிச் சந்தைக்குப் பலகைப் பெட்டி அடிக்கும் வேலையைப் பேசி வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

கடைசியில் கேட்டார். "இதக் கழட்டிச் சரி பண்ணுடா."

"கழட்ட முடியாதுங்க. உடைக்கத்தான் வேணும்."

"அப்பிடி என்ன பூட்டு?"

"உளி நல்ல உளிங்க. எங்கப்பா வாங்கிக் குடுத்தது. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவர் கண் முன்னாலேயே படியிறங்கினேன். "டேய், டேய்!" என்று கத்தினார். எழுந்து வந்து பிடிக்க முதுகு விடவில்லை.