நீல வளையம் போட்ட குருவி

காட்டுப் பறவைகளில் எது பிறந்த இடத்திலேயே தங்கும், எது தூரம் போகும் என்று ஆராய்பவள் என் மகள். போன வருடம் ஹைதராபாத்தைத் தாண்டி இருக்கும் காட்டுக்கு என்னையும் அழைத்துப் போனாள். வலையில் சிக்கிய இரண்டு இளம் கொண்டைக்குருவிகளை நான் பிடித்துக்கொள்ள, அவள் அவற்றின் கால்களில் அடையாள வளையம் மாட்டினாள். சிவப்பு வளையக் குருவி கத்தித் தீர்த்து, என் விரலைக் கொத்தியது. நீல வளையக் குருவி கைக்குள் அசையாமல் இருந்தது.

"சிவப்பு பறந்துடும். நீலம் இங்கேயே இருக்கும்," என்றேன்.

என் பிள்ளைகளைப் பற்றியும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எதற்கும் 'நக்கோ', வேண்டாம் என்று சண்டைக்கு நிற்கும் மகன் போய்விடுவான், 'ஹவ்ப்பா', சரிப்பா என்று தலையாட்டும் இவள் கூடவே இருப்பாள் என்று. அவனோ ஞாயிறுதோறும் இதே ஊரின் கச்சிபௌலியிலிருந்து வந்து சண்டை போட்டுவிட்டுப் போகிறான்.

நேற்று அவள் சொன்னாள்: "நீலம் ரெண்டு குன்று தாண்டிப் போயிடுச்சுப்பா. சிவப்பு அதே மரத்துல இருக்கு." பிறகு மெல்ல, "எனக்குக் கனடாவுல வேலை கிடைச்சிருக்கு. ஓகே சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா?"

"நீங்க கேக்கவே இல்லியேப்பா."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று அந்த நீல வளையக் குருவி கத்தவில்லையே தவிர, அதன் நெஞ்சு என் விரலுக்கடியில் படபடவென்று அடித்துக்கொண்டேதான் இருந்தது.