ஜன்னலுக்குக் கீழே எட்டு சிலிண்டர்

உதட்டைக் குவித்து, கன்னத்தை உப்பி, அடித்தொண்டையிலிருந்து லவெல் டார்வர் அந்தச் சத்தத்தை எடுக்கிறார். "டுப்... டுபுடுப்... டுப்... டுபுடுப்." வுட்வர்டு சாலை டோனட் கடைக்கு முன்னால், மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரும் காப்பியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். "இது எட்டு சிலிண்டர். நடுவுல ஒரு துடிப்பு தவறும், அப்புறம் தானே புடிச்சுக்கும். இப்ப ஆறு சிலிண்டரக் கேளுங்க." பல்லைக் கடித்துக்கொண்டு "ஙீ..." என்கிறார். "கொசு!"

டெட்ராய்ட்டில் ஞாயிறுதோறும் இதே கச்சேரிதான். இனி வரும் மசில் கார்களில், அதாவது உறுமிப் பாயும் பலசாலி வண்டிகளில், எட்டு சிலிண்டர் கிடையாதாம், ஆறுதானாம், நாலுகூட வரலாமாம் என்று பேச்சு கிளம்பிய நாளிலிருந்து டோனட் தீர்ந்தாலும் சண்டை தீர்வதில்லை. டார்வருக்கு நேரெதிர் நாற்காலி வான்டாவுடையது. டார்வர் வேலை பார்த்த அதே கார்த் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவள். போன மாதம்தான் ஆறு சிலிண்டர் டர்போ வாங்கியிருக்கிறாள்.

"யோவ் டார்வர், பச்சை சிக்னல் விழுந்தா என் ஆறு உன் எட்ட முந்திட்டுப் போயிரும். பெட்ரோலும் கம்மியாத்தான் குடிக்கும். வெறும் சத்தத்த வெச்சு நாக்கு வழிக்கவா?"

"நீ வேகத்தப் பத்திப் பேசுற. நான் வண்டியப் பத்திப் பேசுறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்யா, கெழவா!"

டார்வருக்கு எழுபத்தாறு வயது. முப்பத்துநாலு வருடம் எட்டு சிலிண்டர் எஞ்சின்களுக்குள் கிராங்க் தண்டு இறக்கியவர். அந்த வேலை இடது தோளைக் கொஞ்சம் சாய்த்துவிட்டது. அந்தப் பக்கமே தொப்பியும் சாய்ந்திருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மிளகாய்ச் சாறு பாட்டில், எதைச் சாப்பிட்டாலும் நாலு சொட்டு. காரில் ரேடியோவைத் திருகியதே கிடையாது. கேட்டால், "முன்னாடி எட்டுப் பேரு பாடிட்டு வர்றாங்க, அப்புறம் எதுக்கு ரேடியோ?" என்பார். குறும்புக்காரர்தான். பிடிவாதம் அதைவிட ஒரு படி மேலே.

அந்தப் பிடிவாதத்தின் காரணத்தை மட்டும் நாற்காலிக்காரர்களிடம் அவர் சொன்னதில்லை. வேலை முடிந்து வரும் நாட்களில் அவர் கார் லிவர்னாய் சாலை முனை திரும்பும்போதே மனைவி எர்லீனுக்குக் கேட்டுவிடும். இரண்டு கையையும் சமையல் ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, சோளமாவில் புரட்டிய கெளுத்தித் துண்டுகளை எண்ணெயில் போடுவாள். இவர் கதவைத் திறக்கும்போது மீன் மறுபக்கம் வெந்துகொண்டிருக்கும். ஆறிப்போன மீனை அந்த வீட்டில் அவர் ஒருநாளும் தின்றதில்லை.

எர்லீன் இப்போது முதியோர் இல்லத்தில், தரைத்தளத்து அறையில் இருக்கிறாள். அவர் பெயரை மறந்து இரண்டு வருடம் ஆகிறது. பஸ்ஸில் போய் இறங்கினால் "யாரு சார், யாரப் பாக்கணும்?" என்கிறாள். வியாழக்கிழமைகளில் கார் ஜன்னலுக்குக் கீழே வந்து உறுமினால் மட்டும், இல்லாத ஏப்ரனைத் தேடி மடியில் கையைத் துடைத்துக்கொள்கிறாள். அவர் உள்ளே நுழைந்ததும், "வந்துட்டியா? உக்காரு" என்கிறாள். ஐந்து நிமிடம் அவள் அவருடையவள். அதன் பிறகு மறுபடியும் சார்தான்.

அந்த ஐந்து நிமிடத்துக்காகவே அவர் வாரம் முழுதும் ஏங்குகிறார்.

இந்தக் குளிர்காலத்தில் சாலை உப்பு காரின் அடிச்சட்டத்தை அரித்துத் தின்றுவிட்டது. "ரோட்டுக்கு எடுத்தீங்கன்னா ரெண்டா ஒடிஞ்சிரும்" என்று மெக்கானிக் சாவியைத் தர மறுத்துவிட்டான். புது மாடல் வரட்டும் என்று காத்திருந்தார். அது ஆறு சிலிண்டரோடு வந்து நின்றது. பழைய எட்டுகளோ இப்போது நகை விலை. இரண்டு வியாழன் பஸ்ஸில் போய், அவர் சார் ஆகவே திரும்பினார். மூன்றாவது வியாழன், கொசு என்று திட்டிய வாயாலேயே வான்டாவிடம் போய்க் கேட்டார்.

"எங்கய்யா போகணும்?"

"ஓட்டு, சொல்றேன்."

வழியில் எல்லாவற்றையும் சொன்னார். வான்டா வண்டியை இல்லத்துக்குத் திருப்பினாள். ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, "ஆக்ஸிலரேட்டர மிதிக்கட்டுமா?" என்றாள்.

"மிதி."

மிதித்தாள். ஏப்ரல் வெயிலுக்காக ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்திருந்தார்கள். எர்லீன் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வான்டா இன்னொரு முறை, தரை அதிர மிதித்தாள். எர்லீன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டார்வர்... எவ்வளவு மிதிச்சாலும் என் வண்டிக்கு அந்தச் சத்தம் வராதுய்யா" என்று சொல்லி, வான்டா எஞ்சினை அணைத்தாள்.

அவர் இறங்கினார். நனைந்த புல்லில் நடந்து போய் ஜன்னலுக்குக் கீழே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கன்னத்தை உப்பினார்.

"டுப்... டுபுடுப்... டுப்... டுபுடுப்."

மூச்சு போதவில்லை. நடுவில் ஒரு துடிப்பு தானாகவே தவறியது. மறுபடி பிடித்துக்கொண்டார்.

உள்ளே, எர்லீன் இரண்டு கையையும் மடியில் துடைத்தாள்.