மணமேல்குடியில் பத்தாவது ஆட்டம்

“நீ விசில் ஊதுனா எவன் ஆத்தா நிப்பான்?”

மூன்று வருடங்களுக்கு முன் சித்தப்பா என்னிடம் கேட்டது. கால்பந்து நடுவர் பயிற்சி முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று கேட்டார். கோபத்தில் இல்லை, கேலியாகத்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்துவிட்டு மைதானத்தில் போய் நிற்பேன் என்றால் அவருக்குச் சிரிப்பு வராதா? ஆனாலும் முகாமுக்குப் போனேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை மணமேல்குடிக்குப் போய்வந்தேன்.

காலை 5.40. விராலிமலை பேருந்து நிறுத்தம். மலைப்பக்கம் மயில்கள் கத்திக்கொண்டிருந்தன. பையில் கறுப்புச் சட்டை, இரண்டு விசில்கள், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, ஆங்கில விதிப்புத்தகத்தைப் பார்த்து நானே தமிழில் எழுதிவைத்த நோட்டு. அதற்குள் மடித்துவைத்த ஒரு படிவம். மாநில நடுவர் தேர்வு எழுத, பத்து ஆட்டங்கள் நடத்தியதற்கு அந்தந்தப் போட்டி அமைப்பாளரின் கையெழுத்து வேண்டும். ஒன்பது கட்டங்கள் நிரம்பியிருந்தன. விண்ணப்பம் சேர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை நாற்பது கிலோமீட்டர் சொச்சம். 7.20க்கு இறங்கி, பேருந்து நிலையத்தில் நாலு இட்லி, ஒரு டீ. நாற்பத்தைந்து ரூபாய். 7.50க்கு அறந்தாங்கி வண்டி.

பக்கத்து வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கைப்பேசியில் சத்தமாக ஒரு மேடைப்பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெளியூர்க்காரனை விரட்டுனாத்தான் நம்ம புள்ளைகளுக்குச் சோறு!” என்று ஒரு குரல் முழங்க, கூட்டம் கைதட்டியது. நான் திரும்பிப் பார்த்ததும் அவர் சிரித்தார்.

“கரெக்டாப் பேசுறாரு பாருங்க. இன்னைக்கு எங்க ஊரு மேட்சுக்கு இவருதான் சீஃப் கெஸ்ட்.”

“எந்த ஊருங்க?”

“மணமேல்குடி. லீவுல வந்துருக்கேன். குவைத்துல டிரைவரு. பதினோரு வருசமாச்சு.”

“அப்ப அங்கிட்டு நீங்கதானே வெளியூர்க்காரரு?”

“அது வேறங்க. நாங்க ஒழைக்கல்ல போறோம்.”

“அங்க ஒங்களை என்னன்னு கூப்புடுவாங்க?”

அவர் கைப்பேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். அறந்தாங்கி நெருங்கும்போது, “பேரு சொல்லி யாருங்க கூப்புடுறா” என்று மட்டும் சொன்னார். அவர் பெயர் முருகேசன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அறந்தாங்கியில் வண்டி மாறி, 10.20க்கு மணமேல்குடி. ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். மைதானம் கடலுக்கு அருகில், பாதி மண், பாதி மணல். காற்றில் கருவாட்டு வாடை. போட்டியை நடத்தும் சேகர் அண்ணன் பந்தலில் உட்காரவைத்து, சோறும் மீன்குழம்பும் போட்டார். “பொம்பள ரெஃப்ரின்னதும் கூட்டம் டபுளாயிருச்சும்மா” என்றார். பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை.

பிற்பகல் 2.30. ஆட்டம் ஆவூருக்கும் மணமேல்குடிக்கும். இரண்டு ஊரையும் சேராத நடுவர் வேண்டும் என்றுதான் என்னை அழைத்திருந்தார்கள். ஆவூர் அணியில் எமேக்கா என்ற நைஜீரிய மாணவர் ஆடினார். திருச்சியில் படிக்கிறார், தமிழ் ஓரளவு பேசுவார்; ஆவூர்ப் பையன்களுக்குக் கல்லூரித் தோழர்.

எங்கள் மாவட்டப் போட்டிகளில் மைக் இல்லாமல் எதுவும் நடக்காது. ஆட்டம் தொடங்குமுன் வர்ணனைக்காரர் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார். பெயர் கிடைக்காதவன் முகம் தொங்கிவிடும். அன்று மைக் பிடித்தவர் ராசு. ஆவூர் கோல்கீப்பருக்கு ‘இரும்புக் கதவு’, மணமேல்குடி முன்னணி வீரருக்குச் ‘சுறா’. எமேக்காவைப் பார்த்ததும், “அடுத்து வர்றாருப்பா நம்ம ஆப்பிரிக்கக் கொரில்லா!” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராசு அதைப் புகழ்ச்சியாகத்தான் வைத்தார். நான் அந்த இடத்திலேயே போய்ப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மணியைப் பார்த்தேன், விசில் ஊதினேன், ஆட்டத்தைத் தொடங்கினேன். இது என் தவறு.

இருபதாவது நிமிடத்தில் எமேக்கா தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். இடைவேளை வரை ஆவூருக்கு அந்த ஒரு கோல்தான். இடைவேளையில் வீரர்களுக்குக் கொடுக்கப் பந்தல் காலில் ஒரு வாழைத்தார் கட்டியிருந்தார்கள். பார்வையாளர்களும் பிய்த்துத் தின்றார்கள். அப்போது சிறப்பு விருந்தினர் மைக்கை வாங்கினார். காலையில் பேருந்தில் கேட்ட அதே குரல்.

“செங்கல் சூளைக்கு வடக்கன், ஓட்டலுக்கு வடக்கன். இப்பப் பந்து ஆடவும் கண்டம் விட்டுக் கண்டம் ஆள் வருது. நம்ம பசங்க வேடிக்கை பாக்கணுமா?”

“கூடாது!” என்று கூட்டம் கத்தியது.

ஐரோப்பிய மைதானங்களில் கறுப்பு வீரர்களைப் பார்த்துக் குரங்குபோலக் கத்துவதையும், வெளியாட்களை விரட்டுவோம் என்று சொல்லி வாக்கு வாங்குகிறவர்களையும் கைப்பேசியில் பார்த்திருக்கிறேன். அங்கே உள்ள சங்கதி என்று தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன். இரண்டாம் பாதியில் எமேக்காவின் காலுக்குப் பந்து வந்ததும், கிழக்குப் பக்கத்திலிருந்து “ஹூ, ஹூ” என்று சத்தம் எழுந்தது. அடுத்த தடவை மூன்று பக்கமும். பிறகு ஒரு வாழைப்பழத்தோல் அவர் தோளில் வந்து விழுந்தது. மைக்கில் ராசு, “கொரில்லா கோபப்படாதப்பா” என்றார்.

விசில் ஊதினேன். இருபத்திரண்டு பேரும் நின்றார்கள்.

எமேக்கா என்னிடம் வந்தார். “மேடம், ஆடலாம். எனக்குப் பழக்கம்.”

“எனக்குப் பழக்கம் இல்லைங்க” என்றேன். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்தலை நோக்கி நடந்தேன். பந்து இல்லாமல் யாரும் ஆட முடியாது.

“என்ன தங்கச்சி, பாசத்துல வச்ச பேரு அது” என்றார் ராசு.

“அவருகிட்ட கேட்டு வச்சீங்களா அண்ணே?”

நோட்டைப் பிரித்து அவர் முன் வைத்தேன். இப்படிச் சத்தம் வந்தால் முதலில் ஆட்டத்தை நிறுத்தி அறிவிக்க வேண்டும். மறுபடி வந்தால் வீரர்களை வெளியே கூட்டிப்போக வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிட வேண்டும். “முதல்ல உள்ளதைப் படிங்க. நீங்க படிக்காம பந்து உள்ள போகாது.”

சிறப்பு விருந்தினர் நாற்காலியிலிருந்து கேட்டார். “ஏம்மா, நீ எந்த ஊரு? எங்க பசங்கள அசிங்கப்படுத்தவா வந்த?”

“விராலிமலைங்க. இதே மாவட்டந்தான்.”

“அதான பாத்தேன். வெளியூரு.”

வெளியூர்க்காரர் பட்டியலில் என் பெயரும் ஏற அரை நிமிடம்கூட ஆகவில்லை. கூட்டம் என்னைப் பார்த்து ஊளையிட்டது. நான் பந்தை விடவில்லை. ராசு என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாக அறிவிப்பைப் படித்தார். படித்து முடித்து, மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டார்: “தம்பி, ஒன் பேரு என்னப்பா?”

“எமேக்கா!” என்று மைதானத்திலிருந்து அவரே குரல் கொடுத்தார்.

“எமேக்கா ஆடுறாருப்பா, பாருங்க” என்றார். விருந்தினர் எழுந்து காரில் ஏறிப் போனார். அதற்குப் பிறகும் இரண்டொரு குரல் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களே அதட்டி அடக்கியதால் இரண்டாம் படிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மணமேல்குடி இரண்டு கோல் போட்டு ஜெயித்தது. நியாயமான வெற்றி. அதையும் சொல்ல வேண்டும்.

மாலை 4.40. சேகர் அண்ணன் என் படிவத்தைக் கையில் வாங்கினார். பேனாவைத் திறந்தார்.

“ஆட்டத்த நல்லா நடத்துனம்மா. கழகத்துக்கு அனுப்புற ரிப்போர்ட்டுல மட்டும் ‘அசம்பாவிதம் ஒண்ணும் இல்லை’ன்னு எழுதிக் குடுத்துரு. கையோட கையெழுத்துப் போட்டுர்றேன்.”

“நடந்ததத்தான் எழுதுவேண்ணே.”

“அந்த சீஃப் கெஸ்ட்டுதான் பந்தலுக்கும் மைக்குக்கும் பணம் குடுக்குறவரு. அடுத்த வருசம் நாங்க நடத்த வேணாமா? ஒன் பரீட்சையும் போயிரும். யோசி.”

அவர் கெட்டவர் இல்லை. கடலுக்குப் போய் வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்த மைதானத்துக்குச் செலவழிக்கிறவர். நான் யோசித்தேன். ஒன்பது ஆட்டம், மூன்று வருடம். பிறகு, “படிவத்தைக் குடுங்கண்ணே” என்று வாங்கி, காலிக் கட்டத்தோடு மடித்துப் பையில் வைத்தேன்.

5.20க்குப் பேருந்து நிறுத்தத்தில் முருகேசன் வந்து நின்றார். “ஒங்க நம்பரைக் குடுங்க. ஒரு வீடியோ அனுப்புறேன். செகண்ட் ஆஃப் பூரா எடுத்துருக்கேன்.”

“எதுக்குங்க?”

“ரிப்போர்ட்டு எழுதுவீங்கல்ல. சத்தம் எல்லாம் தெளிவா இருக்கு. மொத தடவை நானுந்தான் கத்துனேன். என் குரலு கிட்டத்துல கேக்கும். வெட்டாம அனுப்புங்க.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “காலையில கேட்டீங்கல்ல, அங்க என்னன்னு கூப்புடுவாங்கன்னு. அதுவும் ஒரு மிருகத்தோட பேருதாங்க.”

திரும்பும் வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளியில் என்னைக் ‘கருப்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் பாசம் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பேன். மணமேல்குடி ஒன்றும் தனி ஊர் இல்லை. அந்த மைக்கும் அந்தப் பேச்சும் விராலிமலைக்கு வந்தால் இங்கேயும் கைதட்டுவார்கள். அதனால்தான் எழுதியாக வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து இதுவரை அலுவலகங்களுக்குப் போன காகிதமெல்லாம் பிறர் எழுதியது. அடியில் எங்கள் ஆட்களின் கைநாட்டு மட்டும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நான்கு பக்கம் அறிக்கை எழுதினேன். தொடக்கத்திலேயே நிறுத்தாதது என் தவறு என்பதும் அதில் இருக்கிறது. படிவத்தின் பத்தாவது கட்டத்தில், கையெழுத்து வேண்டிய இடத்தில், ‘ஆட்டம் நடத்தினேன். இணைப்பில் உள்ள அறிக்கையைப் பார்க்கவும்’ என்று எழுதினேன். வீடியோவை வெட்டாமல் பென்டிரைவில் ஏற்றினேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, விராலிமலை அஞ்சலகத்தில் இரண்டு உறைகளைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்றில் மாவட்டக் கால்பந்துக் கழகத்துக்கு அறிக்கையும் வீடியோவும், மற்றதில் தேர்வுக்குப் படிவமும் அறிக்கையின் நகலும். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயர், என் கையெழுத்தில்.